ஊருக்கெல்லாம் ஒரே மெயில்

கவிதா மேடம் என்னைச் சும்மா இருக்க விடுவதாக இல்லை. நான் வேலை பார்த்த கல்லூரியில் இப்போது கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பு அவர்தான். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், படிப்பில் ரொம்பப் பெரியவர். முதல் வருடப் பிள்ளைகளுக்கு ‘டிஜிட்டல் எழுத்தறிவு’ என்று புதிதாக ஒரு பாடம் வருகிறதாம். பாடத்திட்டம் போடும் குழுவில் இவரும் இருக்கிறாராம். “நீங்க அவ்ளோ வருஷம் லேப்ல இருந்தீங்களே மேடம், பசங்களுக்கு முதல்ல இன்னா சொல்லித் தரணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க” என்று போனில் கேட்டார். இதென்ன பிரமாதம், உலை கொதிப்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தலைப்பைப் போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரி வரவில்லை. சோறு குழைந்ததுதான் மிச்சம்.

எழுத வராதவள் இல்லை நான். வாயும் கொஞ்சம் நீளம்தான். ஆனால் எது தெரிந்தால் ஒரு பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்வது? ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்த ஒரு விவகாரம் என் புத்தியைப் புரட்டிப் போட்டுவிட்டது. அதிலிருந்து நான் இன்னும் தெளியவில்லை. அதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது ஒரு முடிவுக்கு வந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

எனக்கு ஊர் பிள்ளைப்பாக்கம். கல்யாணமாகி, மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெயிண்ட் கடை மாடியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ சேர்ந்தேன். அப்போது எங்கள் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டர் படித்தால் ஏசி ரூமில் உட்காரலாம் என்று யாரோ என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்கள். அது மட்டும் அப்படியே பலித்தது. ரோட்டோரம் புதிதாக வந்த பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளராகச் சேர்ந்து, அந்த ஏசியிலேயே சளி பிடித்து, அந்த ஏசியிலேயே ரிட்டையரும் ஆனேன்.

வேலை கற்றுக்கொண்டது பெயிண்ட் கடை மாடியில் இல்லை, தேவசகாயம் சாரிடம். அவர்தான் அப்போது லேபுக்குத் தலைவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காலையில் அவர் முன்னால் நான் யூபிஎஸ்ஸைப் போட வேண்டும். அதன் கீச்சொலி அடங்கும்வரை இருவரும் பேசாமல் நிற்போம். பிறகு ஒவ்வொரு வரிசையாக ஆன் பண்ணிக்கொண்டே போக வேண்டும். ஒரு வரிசை முழுக்க எழுந்து உட்காராமல் அடுத்த வரிசையைத் தொடக்கூடாது. எதற்கு இந்த அவசரமில்லாத வேலை என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் அவர் வராத சமயம் மொத்தத்தையும் ஒரே மூச்சில் போட்டேன். பாரம் தாங்காமல் லேப் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அடுத்த நாள் வந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வழக்கம்போல யூபிஎஸ் பக்கத்தில் வந்து நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவர் எனக்குச் சொன்ன பெரிய சட்டம், பிள்ளைகளின் மவுஸைத் தொடாதே என்பது. யாராவது “சார், வரல” என்று கூப்பிட்டால், போய்ப் பின்னால் நிற்பார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். “கடசியா இன்னா பண்ண?” என்பார். பிள்ளை சொல்லும். “அதுக்கு முன்னாடி?” என்பார். அதையும் சொல்லும். “அதுக்கு முன்னாடி?” இப்படியே பின்னோக்கிக் கூட்டிக்கொண்டு போவார். ஒருமுறை ஒரு பையனின் ஃபிளாப்பி திறக்கவேயில்லை. சார் முன்னாடி முன்னாடி என்று போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் அவன், “சட்டப் பாக்கெட்ல வெச்சிகினு கிரிக்கெட் ஆடினேன் சார்” என்றான். சார் சிரிக்கவில்லை. “அங்கதான் தப்பு ஆரம்பிச்சிது” என்று சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போனார்.

அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம். தொட்டால் கெட்டுவிடும், கெட்டால் அப்பா வந்து கட்ட வேண்டும் என்று விரலை மடக்கிக்கொண்டு உட்காருவார்கள். பயத்தைப் போக்குவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். தேவசகாயம் சார் ரிட்டையர் ஆகிப் போனார், வருடங்களும் போயின. பிள்ளைகளுக்குப் பயம் சுத்தமாகப் போய்விட்டது. கூடவே வேறு எதெதுவோ போய்விட்டது. ஒரு பையன் மானிட்டரை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, “டச் ஒர்க் ஆவல மேடம்” என்று புகார் சொன்னான். பிராக்டிகல் தேர்வில் ஒருத்தி அழகாக புரோகிராம் எழுதி முடித்துவிட்டு, எங்கே சேமித்தாய் என்று கேட்டால், “கம்ப்யூட்டர்ல” என்கிறாள். கம்ப்யூட்டரில் எந்த ஃபோல்டர் என்றால், “ஃபோல்டர்னா?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். கல்லூரியில் படிக்கிற பிள்ளை! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

சரி, ஒன்றும் தெரியாத கூட்டம் என்று முடிவு கட்டலாமா என்றால் அதற்கும் வழியில்லை. ஆய்வுக்குழு வந்த அன்று லேபில் நெட் படுத்துக்கொண்டது. நான் கம்பியைப் பிடுங்கிச் செருகி, செருகிப் பிடுங்கி வியர்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடத்துப் பெண் ஒருத்தி தன் போனை எடுத்து என்னவோ செய்தாள். முதல் வரிசைக்கு மட்டும் நெட் வந்துவிட்டது. “அவங்களை இந்த வரிசையிலியே உக்கார வெச்சிடுங்க மேடம்” என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். ஃபோல்டர்னா என்று கேட்டதும் இவள்தான். பேர் ஷாலினி.

ஷாலினிக்கு மண்ணூர். எலக்ட்ரானிக்ஸ். அப்பா முன்பு நெல் போட்டவர், பிறகு ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபர். வகுப்பு விழாவுக்கு வீடியோ, குரூப்பில் அறிவிப்பு, பஸ் எங்கே வருகிறது என்ற தகவல் எல்லாம் அவள் போனிலிருந்துதான் கிளம்பும். கடைசி வருடத்தில் ஒரகடத்துக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வந்தது. எங்கள் லேபிலேயே ஆன்லைன் தேர்வு வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து மற்ற பிள்ளைகள் சிலருக்கு மெயில் வந்தது, போனும் கையுமாகக் குதித்தார்கள். ஷாலினிக்கு ஒன்றும் வரவில்லை. தேறவில்லை போல என்று அவளும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். அந்த மாதத்தோடு அவள் அப்பா கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள்.

அப்புறம் ஒருநாள் காலை பிளேஸ்மென்ட் சார் அவளைப் பிடித்துத் திட்டியிருக்கிறார். செலக்ட் ஆகியும் ஏன் சம்மதம் சொல்லவில்லை, மெயிலில் வந்த லிங்க்கை அழுத்த இன்று சாயங்காலம்தான் கடைசி, இல்லாவிட்டால் உன் இடம் வேறு யாருக்கோ போய்விடும் என்று. அவள் நேரே லேபுக்கு ஓடி வந்தாள். அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. “எனக்கு மெயிலே வரல மேடம்” என்றாள்.

நான் போய்ப் பின்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டேன். எந்த மெயில் முகவரி கொடுத்தாய் என்றேன். விண்ணப்பத்தைப் போட்டோ பிடித்து வைத்திருந்தாள், அதைப் பார்த்துப் படித்தாள். அதில் அவள் பேரே இல்லை. யாரோ பாபு, பேருக்குப் பின்னால் ‘நெட்’, அதற்குப் பின்னால் நாலு எண். யாருடையது இது? “என்துதான் மேடம்.” இதைக் கடைசியாக எப்போது திறந்தாய்? “தொறந்ததில்ல.” அதுக்கு முன்னாடி? பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது மெயில் கேட்டதாம். மண்ணூர் ஸ்டாப்பிங்கில் நெட் சென்டர் வைத்திருக்கும் பாபு அண்ணன் இதைப் போட்டுக் கொடுத்தாராம். அதிலிருந்து யார் மெயில் கேட்டாலும் இதையே எழுதிவந்திருக்கிறாள். சரி, உன் போனில் ஒரு மெயில் இருக்குமே, அது? அது போன் விற்ற கடைக்காரர் போட்டதாம், அது என்ன என்றே தெரியாதாம். ராத்திரி பகல் போனும் கையுமாக இருக்கிற பிள்ளைக்கு இரண்டு மெயில், இரண்டும் அவளுடையது இல்லை. எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

பிளேஸ்மென்ட் சார் மூலம் கம்பெனிக்கு எழுதினோம். பதிவு செய்த மெயிலிலிருந்து மட்டுமே சம்மதம் ஏற்கப்படும் என்று தானாக ஒரு பதில் வந்தது. அந்தப் பக்கம் மனுஷர் யாராவது இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. நான் லீவு சொல்லிவிட்டு அவளோடு மண்ணூருக்குக் கிளம்பினேன்.

பாபுவை நாலு வாங்கு வாங்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே போனேன். அங்கே போனால், ஜெராக்ஸ் மெஷினுக்கும் ரீசார்ஜ் போர்டுக்கும் நடுவே பாவம் போல ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னோம். “இன்னா மேடம் இதுல? ஊர்ல பாதி பேருக்கு நம்ம மெயிலுதான் கீது. ஆளுக்கு ஒண்ணு போட்டுக் குடுத்தா பாஸ்வேர்ட மறந்துட்டு எங்கிட்டதான் வந்து நிக்கிறாங்க” என்றார். கேட்கும்போது ஞாயமாகவும் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. சரி திறங்கள் என்றேன். பழைய கம்ப்யூட்டர் மழையில் போய்விட்டது, புதியதில் இந்த மெயிலை அவர் இன்னும் திறக்கவே இல்லை. பாஸ்வேர்ட் போட்டார். இது புதுக் கம்ப்யூட்டராக இருக்கிறதே, போனுக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்றது. எந்த போனுக்கு? பாபு எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பருக்கு.

அந்த நம்பருக்கு ஷாலினி அடித்தாள். எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக ஒரு ஆள் எடுத்து இந்தியில் பேசினான். அவளும் இந்தியில் பேசினாள். ரீல்ஸ் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம்! பேர் பிகாஷ், ஒடிசாக்காரன், ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்கிறான், டீ பிரேக்கில் லாக்கருக்கு வந்தபோது போனைப் பார்த்திருக்கிறான். ஓடிபி என்ற வார்த்தையைக் கேட்டதும் கட் பண்ணிவிட்டான். திரும்ப அடித்தாள். கெஞ்சினாள். ஆளைப் பார்க்காமல் பேச முடியாது, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி கேட்டுக்கு வருவேன், அங்கே வா என்று சொல்லி வைத்துவிட்டான். பாபுவே தெரிந்த ஆட்டோவைக் கூப்பிட்டு எங்களை ஏற்றிவிட்டார்.

ஷிஃப்ட் விடும் நேரம் ஒரகடத்தில் நின்றிருக்கிறீர்களா? கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும். உள்ளேயிருந்து ஒரே நிறத்துச் சட்டையில் கூட்டம் கொட்டும். அதில் முகம் தெரியாத ஒருவனைத் தேடிக்கொண்டு நானும் அவளும் கேட் ஓரம் நின்றோம். அவனேதான் எங்களைக் கண்டுபிடித்து வந்தான். இருபத்து சொச்சம் வயதுப் பையன். ஷாலினி கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினாள், விண்ணப்பத்தின் போட்டோவைக் காட்டினாள். அவன் பார்த்தான். பிறகு லைனில் கற்றுக்கொண்ட தமிழில் என்னிடம் சொன்னான். இந்த நம்பர் வாங்கின நாளிலிருந்து ஓயாமல் ஓடிபி வருகிறதாம். இவன் எதுவும் கேட்கவில்லை, யார் அனுப்புகிறார்கள் என்று தெரியவில்லை. யாரோ திருடன் தன் பணத்துக்குக் குறி வைத்துவிட்டான் என்று ஊருக்குப் பணம் அனுப்பும் போதெல்லாம் பயந்து சாகிறானாம். பாபு ஊரார் விண்ணப்பங்களிலெல்லாம் இந்த நம்பரையே எழுதியிருக்கிறார்; மண்ணூரில் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் புக் பண்ணினால் ஒரகடத்தில் இவன் தன் பேங்க் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறான்.

“ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாது. கம்பெனில சொல்லி இருக்கான்” என்றான். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டான்: “நீ டீச்சர். நீ சொல்லு. குடுக்கலாமா, கூடாதா?”

“கூடாதுப்பா” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வருடாவருடம், வகுப்புக்கு வகுப்பு அதையேதான் சொல்லிவந்திருக்கிறேன். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அழுதாலும் கொடுக்காதீர்கள், மேனேஜர் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். ஷாலினியே என் வகுப்பில் உட்கார்ந்து அதைக் கேட்டவள்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னதை வாபஸ் வாங்கவும் வாய் வரவில்லை, தப்பு என்று சொல்லவும் மனசு வரவில்லை. அவனுடைய பஸ் ஹாரன் அடித்தது.

பிகாஷ் போனைத் திறந்தான். “அனுப்பு” என்றான். அவள் தன் போனில், பாபு சொல்லி அனுப்பியிருந்த பாஸ்வேர்டைப் போட்டாள். அவன் போன் சிணுங்கியது. மற்றதையெல்லாம் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு அந்த எண்ணை மட்டும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். ஏன் கொடுத்தான்? கேட்க வந்தவளே கூடாது என்று சொன்னதால் நம்பினானா, அவள் முகத்தைப் பார்த்து இரங்கினானா, பஸ் போய்விடும் என்று எங்களைக் கழற்றிவிட்டானா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எண்ணை அடிக்கும்போது அவள் அவசரத்தில் ஒருமுறை தப்பாகப் போட்டாள். பிடுங்கி நானே போட்டுவிடலாம் என்று கை பரபரத்தது. முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாம் முறை திறந்தது.

உள்ளே ஒரு ஊரே குடியிருந்தது. யாருடையதோ பாஸ்போர்ட், யாருடையதோ ஹால் டிக்கெட், எவனோ ஒருவனின் கடன் விண்ணப்பம். அத்தனையும் திறக்காமல் தடித்த எழுத்தில் கிடந்தன. ஷாலினி கம்பெனி பேரைப் போட்டுத் தேடினாள். அவள் மெயில் வந்தது. லிங்க்கை அழுத்தினாள், சம்மதம் என்றாள், பச்சையில் ஒரு டிக் விழுந்தது. “அப்பாடா” என்று நான் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் உட்காரவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மெயிலுக்குக் கீழே, அதே கம்பெனியிலிருந்து, முந்தின வருடத் தேதியில் இன்னொன்று இருந்தது. வேறு பேர். அதுவும் சம்மதம் கேட்டுத்தான் வந்திருந்தது, அதையும் யாரும் திறக்கவில்லை. யார் இது என்றேன்.

“எங்க தெருதான் மேடம். பிரான்சிஸ். பாஸாவலன்னு நெனச்சிகினு சாப்பாடு டெலிவரி ஓட்டிகினு கீறான்.”

அவனிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். “சொல்லி இன்னா மேடம் பண்றது” என்றாள். சொன்னால் அவனுக்கு நல்லதா, சொல்லாமல் இருப்பது நல்லதா? இதை எந்தப் பாடத்தில் வைப்பது கவிதா மேடம், நீங்களே சொல்லுங்கள்.

பிகாஷ் கிளம்பும் முன்பு ஒன்றே ஒன்று கேட்டான். என் நம்பரை அதிலிருந்து எடுத்துவிடு என்று. எடுத்தால் வேறு நம்பர் கொடு என்றது மெயில். ஷாலினி ஒரு நிமிடம் பிரான்சிஸின் மெயிலைப் பார்த்தாள், தன் நம்பரைப் போட்டாள். வேண்டாம்டி, உனக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டு இதை பாபு தலையிலேயே கட்டு என்றேன். தனக்கும் தனியாக ஒன்று போட்டுக்கொண்டாள். ஆனால் இதை விடவில்லை. “இனிமே ஒண்ணு விடாம நான் பாக்குறேன் மேடம்” என்றாள்.

பார்க்கத்தான் செய்கிறாள். வேலையில் சேர்ந்த பிறகும், பஸ்ஸில் போகும்போது ஊர் மெயிலையெல்லாம் பிரித்து, உனக்கு ஹால் டிக்கெட் வந்திருக்கிறது, உனக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு போகிறாள். ஒரே ஒரு தொல்லை, ஷிஃப்ட் நேரத்தில் அவள் போன் லாக்கரில் இருக்கும். அவசரத்துக்கு ஓடிபி வேண்டும் என்றால், “ஷாலினி கையில கேளுங்க” என்று பாபு அனுப்பிவிடுகிறாராம். மண்ணூர்க்காரர்கள் ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்து ஒரகடத்துக்குப் பஸ் ஏறி வந்து, அவள் கம்பெனி கேட்டில் நிற்கிறார்கள். இவர்களெல்லாம் யார் என்று செக்யூரிட்டி கேட்டதற்கு, சொந்தக்காரங்க என்று சொல்லிவைத்திருக்கிறாளாம்.

கவிதா மேடத்துக்கு எழுத உட்கார்ந்து சோறு குழைந்தது என்றேனே, அந்த வாரத்திலேயே ஷாலினி போன் பண்ணினாள். பின்னால் பஸ் ஹாரன்கள் கேட்டன. கேட்டில் ஒரு ஆள் வந்து நிற்கிறானாம். மண்ணூரில் பெண் எடுத்தவன் என்கிறானாம், மாமனார் பேரில் ஏதோ விண்ணப்பமாம், இன்றைக்குத்தான் கடைசியாம். பாபு போனை எடுக்கவில்லையாம். இவளுக்கு இந்த ஆள் முகம் தெரியாதாம்.

“குடுக்கலாமா மேடம்?”

“கூடாது” என்றேன்.

“கொஞ்சம் இருங்கண்ணா” என்று அவள் அந்த ஆளிடம் சொல்வது கேட்டது.

“அன்னிக்கும் இதத்தான் மேடம் சொன்னீங்க” என்றாள். வைத்துவிட்டாள்.

கொடுத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. திரும்ப அடித்துக் கேட்கலாம் என்று போனை எடுக்கிறேன், கேட்கத் தைரியமில்லாமல் வைத்துவிடுகிறேன்.